மருந்து விடாத தட்டு

ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் அக்கா என்று கூப்பிடும் மூத்த ஆய்வாளர், பிப்பெட் என்ற உறிஞ்சுகுழாயால் வளர்ப்புத் தட்டுகளிலிருந்து பழைய ஊட்டநீரை உறிஞ்சிக்கொண்டிருந்தார். மனித மூலச்செல்களிலிருந்து இரத்த அணுக்களை வளர்ப்பது இருபது வருடமாக அவர் வேலை. எல்லாத் தட்டிலும் அழற்சியை அடக்கும் மருந்து விட வேண்டும் என்பது ஆய்வுக்கூடத் தலைவரின் கட்டளை. அக்கா ஒன்றில் மட்டும் வேண்டுமென்றே விடவில்லை. சில நாளில் அதில்தான் புதிய இரத்த அணுக்கள் கொத்துக்கொத்தாக மிதந்தன.

விஷயம் தெரிந்ததும் தலைவர் குதித்தார். “அழற்சின்னாலே கெடுதல். அதைக் குப்பையில போடுங்க!”

“மாட்டேன் சார். முதல்ல மைக்ராஸ்கோப்ல எட்டிப் பாருங்க. கெட்டுப்போனது இப்படியா புள்ளகுட்டியோட நிக்கும்?”

“ஒத்தைத் தட்டுல குருட்டாம்போக்குல வந்திருக்கும்.”

“அப்ப பன்னெண்டு தட்டுல பாத்துடுவோம்.”

மறுநாள் காலை அக்கா ஆறு புதிய தட்டுகளில் மருந்து விட்டார், ஆறில் விடவில்லை. எதில் மருந்து உண்டு, எதில் இல்லை என்று மூடிகளில் பெரிதாக எழுதி, தலைவரின் கண்ணெதிரிலேயே இன்குபேட்டரில் வைத்தார்.