ஸ்டெல்லாவுக்கு நான் எழுதிக் கொடுத்த சாட்சி

ஸ்டெல்லாவின் மாத்திரைகளை நிறுத்தச் சொன்னது நான்தான். டாக்டர் அல்ல, அவள் கணவரும் அல்ல... நான்!

எட்டு ஆண்டுகளாக இதை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.

1960களின் கடைசி அது. தாம்பரத்தில் எங்கள் சபையின் பெண்கள் சங்கத்துக்கு நான் செயலாளர். ஸ்டெல்லா இரும்புலியூரில் பள்ளி ஆசிரியை, என்னைவிடப் பத்து வயது இளையவள். குழந்தை இறந்து பிறந்ததிலிருந்து அவளுக்குத் தூக்கமில்லை. எதற்கெடுத்தாலும் பயம். மனநல மருத்துவர் கொடுத்த மாத்திரையில் மெல்லத் தேறிவந்தாள். வெள்ளிக்கிழமை ஜெபத்துக்கும் தவறாமல் வருவாள்.

அந்த ஆண்டு ஸ்தோத்திரப் பண்டிகைக்குப் பேராயர் வருவதாக இருந்தது. எங்கள் சங்கத்திலிருந்து ஒருத்தி எழுந்து, கடவுள் தனக்குச் செய்த நன்மையைச் சாட்சியாகச் சொல்ல வேண்டும். எங்களிடம் என்ன இருந்தது? காய்ச்சல் விட்டது, தொலைந்த கம்மல் கிடைத்தது... சே! பேராயர் முன்னால் இதையா சொல்வது? ஸ்டெல்லா என் கண்ணில் பட்டாள். ஜெபத்தாலேயே மனநோய் நீங்கிய சாட்சி! என் கைப்படவே எழுதினேன்.

படித்துவிட்டு அவள் தயங்கினாள்.

"அக்கா, மாத்திரைய விட்டுட்டேன்னு எழுதியிருக்கீங்க. நான் இன்னும் போட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்? சபையில நின்னு பொய் சொல்லலாமா?"

அப்போதாவது அந்தத் தாளைக் கிழித்திருக்க வேண்டாமா? நான் சொன்னது என்ன தெரியுமா?

"அப்ப இன்னையிலேர்ந்து நிறுத்திடு ஸ்டெல்லா. சாட்சி உண்மையாயிடும்ல?"

நிறுத்திவிட்டாள். பண்டிகையன்று ஒரு வரி பிசகாமல் சொன்னாள். சபையே அல்லேலூயா என்றது! பேராயர் என் பெயரைக் கேட்டு வாழ்த்தினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த மாதம் வகுப்பில், பிள்ளைகள் எதிரிலேயே, அலறிக்கொண்டு மேசைக்கடியில் புகுந்துவிட்டாளாம். வெளியே கொண்டுவர மூன்று பேர் வேண்டியிருந்தது. ஏழு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். வேலையும் போயிற்று.

அவள் கணவர் என்னைத் தேடி வந்தார். "அக்கா, மாத்திரைய ஏன் விட்டான்னு உங்களுக்கு ஏதாச்சும் தெரியுமா? என்கிட்ட வாயே திறக்க மாட்டேங்குறா."

"தெரியலையே தம்பி... ஜெபிப்போம்" என்றேன். ஜெபிப்போமாம்! எனக்கு வெட்கமில்லை?

அவளோடு மின்சார ரயிலேறி டாக்டரிடம் போய்வந்திருக்கலாம். பள்ளி விட்ட நேரத்தில் ஒரு காபி குடித்தபடி அவள் பேசுவதைக் கேட்டிருக்கலாம். ஜெபமும் செய், மாத்திரையும் போடு என்று சொல்லியிருக்கலாம். ஒரு சபையால் இவ்வளவுகூட முடியாதா? முடியும். எனக்குத்தான் அது போதவில்லை.

இப்போதும் சாட்சி நேரம் வந்தால் என் கண் அவளைத்தான் தேடுகிறது. இன்று அவள் எழுந்து உண்மையைச் சொல்லிவிடுவாளோ...

சென்ற ஞாயிறு, ஆராதனை முடிந்து கோயில் வாசலில் ஸ்டெல்லா என் கையைப் பிடித்துக்கொண்டாள். இப்போது மறுபடியும் மாத்திரை சாப்பிடுகிறாள், சபையில் என்னைத் தவிர யாருக்கும் தெரியாமல், குற்றம் செய்பவளைப் போல.

"என்னை மன்னிச்சிடுங்கக்கா. எனக்குத்தான் விசுவாசம் பத்தல. நீங்க எழுதிக் குடுத்த சாட்சியக் கெடுத்துட்டேன்."

சுற்றிலும் சபையார் நின்றிருந்தார்கள்.

"பரவாயில்லம்மா" என்றேன்.