விருந்தாளிக்குக் கொட்டிக்கிழங்கு ஆகாது

செவ்வந்திக்கு வயது, ஆதார் அட்டைப்படி நாற்பத்தொன்று. வாக்காளர் அட்டைப்படி நாற்பத்தாறு. குடும்ப அட்டை இந்த விவகாரத்தில் நடுநிலை வகித்து நாற்பத்து மூன்று என்கிறது. அவர் விஷயத்தில் அரசாங்கம் கஞ்சத்தனம் காட்டியது என்று யாரும் சொல்ல முடியாது. கேட்காமலே மூன்று வயதுகளை வழங்கிய அரசாங்கம், இரண்டு வருடமாகக் கேட்டும் வழங்காதது ஒன்றே ஒன்றுதான்: அவர் மகளுக்கு இருளர் என்ற சாதிச் சான்றிதழ்.

சாலவாக்கத்துக்கு அந்தப் பக்கம், ஊர் முடிந்து, தெருவிளக்கும் முடிந்து, ஏரிக்கரை ஆரம்பிக்கிற இடத்தில் பதினோரு வீடுகள் உள்ளன. அந்த வீடுகளில் இருப்பவர்கள் இருளர்கள் என்பது ஊருக்குத் தெரியும். டீக்கடைக்காரருக்குத் தெரியும், தனி டம்ளர் வைக்கும் அளவுக்குத் தெரியும். தெரியாதது சான்றிதழ் கொடுக்கிற அலுவலகத்துக்கு மட்டும்தான். அதனால் அது ஆதாரம் கேட்டது. அப்பனுக்குச் சான்றிதழ் இருந்தால் மகளுக்குக் கொடுக்கலாமாம். செவ்வந்தியின் கணவர் அப்பு செங்கல் சூளையில் கல் அறுக்கிறவர். சூளையில் அவரை யாரும் சான்றிதழ் கேட்டதில்லை; அவரும் வாங்கி வைத்ததில்லை.

மகள் அபிநயா பன்னிரண்டாம் வகுப்பில் தேறியிருந்தாள். அந்தப் பதினோரு வீடுகளில் அந்த வகுப்பை எட்டிப் பார்த்தவள் அவள் ஒருத்தி. நர்சிங் படிப்புக்கு விண்ணப்பித்திருந்தாள். கலந்தாய்வு வெள்ளிக்கிழமை. கையில் சான்றிதழ் இருந்தால் பழங்குடியினர் ஒதுக்கீட்டில் இடம் உறுதி. இல்லையென்றால் பொதுப் பட்டியலில் எங்கோ கடைசியில் நிற்க வேண்டும்; அவளுடைய மதிப்பெண்ணுக்கு அங்கே நிற்கத்தான் முடியும், உட்கார இடம் கிடைக்காது.

இனி கிழங்குக்கு வருவோம்.

வைகாசியில் ஏரி வற்றிப் பாளம் பாளமாக வெடித்துவிடும். தண்ணீர் இருந்தபோது மேலே மிதந்த கொட்டி இலைகள் சருகாகி மண்ணோடு ஒட்டிக் கிடக்கும். அந்தச் சருகின் காம்பு எங்கே மண்ணுக்குள் இறங்குகிறது என்று பார்த்து, கம்பியால் ஒரு சாண் கெல்ல வேண்டும். சுண்டைக்காயை விடப் பெரிதாக, நெல்லிக்காயை விடச் சிறிதாக, கறுப்பாக ஒன்று கிடைக்கும். அதுதான் கொட்டிக்கிழங்கு. அரை நாள் வெயிலில் குந்தி நகர்ந்தால் ஒரு குண்டான் சேரும். செவ்வந்தி நகர்கிற வேகத்துக்கு முக்கால் குண்டான் கூடுதலாகச் சேரும். மாநிலத்தில் இதற்கு ஒரு போட்டி வைத்திருந்தால் அவர் வீட்டில் கோப்பை வைக்க இடம் இருந்திருக்காது. யாரும் வைக்கவில்லை.

தோண்டுவது பாதி வேலைதான். சாக்கில் போட்டுக் கல்லின்மேல் உருட்டித் தேய்த்தால் கறுப்புத் தோல் கழலும். மூன்று தண்ணீரில் அலச வேண்டும். முதல் கொதியை இறுத்துக் கீழே ஊற்றிவிட வேண்டும். அவசரப்பட்டு அதைக் குடித்தால் ஏரியையே குடித்த மாதிரி சேற்று வாடை அடிக்கும். இரண்டாம் கொதியில் உப்பு. வெந்ததும் பூண்டும் காய்ந்த மிளகாயும் நசுக்கிப் போட்டு ஒரு பிரட்டு. வாயில் போட்டால் மாவாகக் கரையும். நடவு வேலையும் இல்லாத, ரேஷன் அரிசியும் தீர்ந்த கோடையில் அதுவே அந்த வீட்டின் நாஷ்டா, அதுவே ராத்திரிச் சாப்பாடு. அபிநயா தாவரவியலை இந்தக் கிழங்கைத் தின்றே படித்தாள். தாவரவியல் புத்தகத்தில் இந்தக் கிழங்கு இல்லை.

இவ்வளவு பெருமை உள்ள பதார்த்தத்துக்கு ஒரு தடை உண்டு. வெளி ஆள் வந்தால் கண்ணில் காட்டக் கூடாது. வீட்டில் ஒன்றும் இல்லாதபோது தின்பது அது. அதை ஒருவர் முன்னால் வைத்தால், உனக்குப் போட எங்களிடம் ஒன்றும் இல்லை என்று சொல்வதாக அர்த்தம். ஆகவே விருந்தாளி வந்தால் கிழங்குக் குண்டானைக் கூடையால் மூடிவிட்டு, பக்கத்து வீட்டில் கைமாற்றாக அரிசி வாங்கிச் சோறு ஆக்குவார்கள். பதினோரு வீட்டிலும் இதுதான் சட்டம். எழுதி வைக்காததால் இதுவரை யாரும் மீறவில்லை.

திங்கட்கிழமை தலையாரி முத்துவேல் வண்டியில் வந்து, இறங்காமலே ஒரு காலை ஊன்றி நின்றார்.

“ஏ செவ்வந்தி! நாளைக்கு ஐயா விசாரணைக்கு வராரு. உங்க வூட்டுக்கே வராரு. புரிஞ்சிதா?”

“இன்னாத்துக்குண்ணா விசாரிக்கணும்? நாங்க யாருன்னு உனக்குத் தெரியாதா?”

“எனக்குத் தெரிஞ்சி இன்னா பண்றது? நான் என்ன கையெழுத்தா போடறேன்? வூட்டச் சுத்தமா வையி. அந்தச் சேத்து நாத்தம் பிடிச்சதெல்லாம் எட்டப் போடு. அப்பு, நீ அந்த எலி புடிக்கிற கிட்டியெல்லாம் கூரையில சொருவிக்கினு நிக்காத. மரியாதையா ஒரு சட்டையப் போடு.”

“போட்டுக்கறேண்ணா,” என்றார் அப்பு.

முத்துவேல் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். இந்தக் கதையில் எல்லாரும் நல்ல எண்ணத்தில்தான் நடந்துகொள்கிறார்கள். அதுதான் இதில் உள்ள பிரச்சினை.

அன்று மாலையே வீடு சாணி போட்டு மெழுகப்பட்டது. எலிக் கிட்டிகள் கொல்லைப்புற முட்புதருக்குள் போயின. அரிசியும் பருப்பும் இரண்டு வீடுகளிலிருந்து வந்தன. அபிநயா சாலவாக்கம் பந்தல்காரரிடம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இரவல் வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு வந்தாள்.

மறுநாள் ஜீப் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்தது. அடுப்பிலிருந்து சாம்பார் இறங்கி, கிழங்கு இரண்டாம் கொதியில் இருந்தது. சட்டப்படி அது கூடைக்கு அடியில் போனது. கூடையை மீறி வாடை வரும் என்று அபிநயா இரண்டு ஊதுவத்திகளைக் கொளுத்தி அதன் மேலேயே செருகினாள்.

விசாரணை அதிகாரி மென்மையான மனிதர். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். கையில் பன்னிரண்டு கேள்விகள் அச்சடித்த தாள்.

“முதல்ல சாப்புடணும் சார்,” என்றார் செவ்வந்தி.

“அதெல்லாம் வேணாம்மா.”

“அப்பிடிச் சொல்லக் கூடாது சார். எங்க வூட்ல ஒரு ஆபீசரு குந்தனதே இல்ல.”

அவர் உட்கார்ந்தார். சாப்பிட்டார். சோறு, சாம்பார், வடை. இரண்டாவது வடையைக் கேட்டு வாங்கினார். வாசலில் நின்ற முத்துவேலையும் செவ்வந்தி அழைத்தார். அவருக்கு அன்று திடீரென்று வயிறு சரியில்லாமல் போயிருந்தது. ஆனால் அதிகாரி சாப்பிட்டார். செவ்வந்தி கதவோரம் நின்று, அவர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். முந்தானையை வாயில் பொத்திக்கொண்டிருந்தாலும் சிரிப்பது தெரிந்தது. வாழ்க்கைக் குறிப்பு எழுதுகிறவர்கள் நாயகியின் வாழ்வில் மகிழ்ச்சியான தருணம் ஒன்றைக் குறிப்பிட வேண்டும் என்பார்கள். குறிப்பிட்டாயிற்று.

கை கழுவியதும் கேள்விகள் தொடங்கின.

“பாம்பு பிடிக்கிற வழக்கம் உண்டா?”

அப்பு பதறிப்போனார். அனுமதி இல்லாமல் பாம்பு பிடித்தால் ஜெயில் என்று வனத்துறை ஜீப் ஒன்று ஒலிபெருக்கியில் சொல்லிப்போனது அவர் நினைவில் இருந்தது. ஒரே அரசாங்கத்தின் இரண்டு ஜீப்புகளில் எதற்குப் பயப்படுவது என்று அவருக்கு விளங்கவில்லை. பழைய ஜீப்புக்கே பயந்தார்.

“ஐயோ, கெடையாது சார். தொடறதே இல்ல.”

“எலி?”

“சேச்சே! இன்னா சார் நீங்க.”

அதிகாரி இரண்டு இடத்தில் பேனாவை ஓட்டினார்.

“சாப்பாடு வழக்கமா என்னம்மா? காட்டுல, ஏரியில கிழங்கு ஏதாவது தோண்டிச் சாப்பிடறதுண்டா?”

செவ்வந்தி கூடையைப் பார்க்கவில்லை. பார்த்தால் தெரிந்துவிடும். ஊதுவத்திப் புகை நேராக மேலே போய்க்கொண்டிருந்தது.

“அதெல்லாம் இல்ல சார். இதோ நீங்க துன்னீங்களே, சோறு, சாம்பாரு. டெய்லி இதான். நாங்க நல்லாத்தான் கீறோம்.”

“உண்மையைச் சொல்லலாம், ஒண்ணும் தப்பில்ல.”

“சத்தியமா சார்.”

அதிகாரி எழுதி முடித்துப் பேனாவை மூடினார். “ரொம்ப முன்னேறிட்டீங்கம்மா. சந்தோஷம்,” என்று கை கூப்பினார். அந்தத் தாளில், வீட்டுக்கு வந்தவரிடம் எதை மறைப்பீர்கள் என்ற கேள்வி இல்லை. இருந்திருந்தால் பன்னிரண்டுக்கும் அந்த ஒன்றே போதுமானதாக இருந்திருக்கும்.

அரசாங்கம் தாமதம் செய்யும் என்று குறை சொல்கிறவர்கள் கவனிக்க வேண்டும்: புதன்கிழமை மாலைக்குள் பதில் வந்துவிட்டது. முத்துவேலே கொண்டுவந்தார். அபிநயா உரக்கப் படித்தாள்.

“நேரடி விசாரணையில் மனுதாரர் குடும்பத்தில் பழங்குடியினருக்குரிய பழக்கவழக்கங்கள் ஏதும் காணப்படவில்லை. வேட்டை, கிழங்கு சேகரித்தல் இல்லை. உணவு முறை ஏனைய பொதுமக்களை ஒத்துள்ளது. எனவே மனு நிராகரிக்கப்படுகிறது.”

“இன்னாடி சொல்றான்?”

“நாம இருளர் இல்லியாம்மா.”

“அப்ப யாராம்?”

“அத எழுதல.”

செவ்வந்தி முத்துவேலைப் பார்த்தார். “நீதானேண்ணா சுத்தமா வைக்கச் சொன்ன?”

“சுத்தமா வைன்னுதானே சொன்னேன். இல்லவே இல்லன்னு சத்தியம் பண்ணச் சொன்னனா?” என்றார் முத்துவேல். அவர் குரல் இறங்கியிருந்தது. வண்டியைக் கிளப்பினார்.

வியாழக்கிழமை விடிந்ததும் செவ்வந்தி ஏரிக்குப் போனார். ஒரு குண்டான் தோண்டி, தேய்த்து, அலசி, இரண்டு கொதியும் விட்டு, பூண்டு மிளகாய் போட்டுப் பிரட்டி, துணியால் வாய் கட்டி, மகளோடு பஸ் ஏறினார். அலுவலகத்தில் மூன்று மணி நேரம் காத்திருந்தபின், அதிகாரியின் மேசைமேல் கோப்புகளை ஒதுக்கிக் குண்டானை வைத்தார்.

“இதான் சார் நாங்க துன்றது. அன்னைக்கும் வெந்துக்கினுதான் இருந்தது. கூடைக்குள்ள வச்சிட்டேன்.”

அதிகாரி துணியைப் பிரித்துப் பார்த்தார். அவர் முகம் வாடியது. “அன்னைக்கே காட்டியிருந்தா ஒரே வரியில முடிஞ்சிருக்குமேம்மா. நானே கேட்டேனே!”

“வூட்டுக்கு வந்தவருக்கு இத எப்பிடி சார் காட்டுவாங்க? நீங்க முன்னாடியே இன்னாத்த பாக்க வரீங்கன்னு சொல்லிக்கினு வந்திருந்தா...”

“முன்னாடியே சொன்னா அது விசாரணை இல்லம்மா.”

நடைமுறையை அவர் பொறுமையாக விளக்கினார். பழக்கவழக்கம் வசிப்பிடத்தில் காணப்பட வேண்டும். அலுவலகத்துக்குக் கொண்டுவரப்படும் பழக்கவழக்கத்தைப் பதிவு செய்ய இடமில்லை. மேல்முறையீடு செய்யலாம். மறு விசாரணைக்குத் தேதி கிடைக்கும்.

“எப்ப சார்?” என்றாள் அபிநயா. “நாளைக்குக் கலந்தாய்வு.”

அவர் ஒரு நோட்டைப் புரட்டினார். “கார்த்திகை முதல் வாரம் வரலாம்.”

“கார்த்தியில ஏரி ரொம்பிக் கீமே சார்,” என்றார் செவ்வந்தி. “கரைக்கு மேல தண்ணி நிக்கும். அப்ப கெயங்குக்கு எங்க போவேன்? நீ வந்து இன்னாத்த பாப்ப?”

அதிகாரி நோட்டை மூடி வைத்தார். இதற்கிடையில் பூண்டு வாசனைக்குப் பக்கத்து மேசைகள் எழுந்து வந்துவிட்டன. ஒருவர் ஒன்றை எடுத்து வாயில் போட்டார். “அட, நல்லா இருக்கே! இது சுகருக்கு நல்லதாம்மா?” இன்னொருவர் தன் டிபன் பாக்ஸ் மூடியை நீட்டினார். எண்ணெய் எவ்வளவு என்று ஓர் அம்மாள் செய்முறை கேட்டுக் காகிதத்தில் குறித்துக்கொண்டார். கேட்டவர்களுக்கெல்லாம் செவ்வந்தி அள்ளி வைத்தார். கை நீட்டுகிறவர்களுக்கு இல்லை என்று சொல்லவும் அவருக்குத் தெரியாது. அதிகாரியும் இரண்டு எடுத்துக்கொண்டார். மெல்லும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சாயந்திரத்துக்குள், சாட்சியம் முழுவதும் அலுவலகத்தால் உண்ணப்பட்டது.

பஸ்ஸை விட்டு இறங்கும்போது அபிநயா சொன்னாள்: “ஊதுவத்தி நான்தானேம்மா கொளுத்துனேன்.”

“நீ இன்னா பண்ணுவ. வா.”

வெள்ளிக்கிழமை பொதுப் பட்டியலில் இடங்கள் அபிநயாவின் தரவரிசை எண்ணுக்கு வெகு முன்னாலேயே தீர்ந்துவிட்டன. போனில் வந்த செய்தி ஒரு வரிதான். அவள் அதை இரண்டு முறை படித்துவிட்டு, போனை அப்புவிடம் கொடுத்தாள். படிக்கத் தெரியாத அப்பு, அதை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆனி பிறந்து பத்து நாள் ஆனபோது, கம்பெனி வேன் ஒன்று ஏரிக்கரை முனை வரைக்கும் வரத் தொடங்கியது. ஒயர்களைப் பிரித்து அடுக்குகிற வேலை, நின்றுகொண்டே பத்து மணி நேரம். சேருகிற நாளில் அபிநயா, பள்ளிக்கூடக் காகிதங்களையும் நிராகரிப்புக் கடிதத்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு ஏறினாள். சாயந்திரம் இறங்கியபோது, அவளிடம் யாரும் எதையும் கேட்கவில்லை என்றாள். பேரைக் கூட இன்னும் கேட்கவில்லையாம்.