மல்லிகா அக்காவின் நாலு சுரம்

சென்ற ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் பின்னால் போனேன். மழையில் சாய்ந்து கிடந்த தக்காளிச் செடியை என் மனைவி ஒரு குச்சியோடு சேர்த்துக் கட்டியிருந்தாள். கட்டியிருந்தது கயிறு இல்லை. முழ நீளத்தில், இரண்டு முனையிலும் உலோக மூக்கு வைத்த ஒரு மஞ்சள் வயர்.

"இது எங்க கெடந்துச்சு?" என்று கேட்டேன்.

"ஒங்க பழைய சூட்கேசுக்குள்ள. வேணுமா?"

வேண்டாம் என்றேன். அது இனி வேறு எதற்கும் உதவாது. ஆனாலும் செடிக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். தக்காளி இலைக்கு ஒரு பச்சை வாசம் உண்டல்லவா? எனக்கு அது தெரியவில்லை. பாண் வேகிற வாசம்தான் வந்தது.

காரணம் இருக்கிறது. ஹட்டனில் எங்கள் இசைக்குழு ஒத்திகை பார்த்த அறை ஒரு பேக்கரியின் மேல்மாடி. கீழே பாண் சுடும் போறணையில் நெருப்பு மூட்டினால் பலகைத் தரை வழியாகச் சூடும் வாசமும் ஏறி வரும். குளிருக்கு அது சுகம், வயிற்றுக்கு அது சித்திரவதை. அந்த அறையில் நாங்கள் பாடியதைவிடப் பசித்திருந்ததுதான் அதிகம் என்று நினைக்கிறேன்.

கல்யாணம், சடங்கு, கோயில் திருவிழா என்று எங்கே கூப்பிட்டாலும் போவோம். மணியம் அண்ணன்தான் தலைவர். ஒலிபெருக்கி அவருடையது, வேன் அவருடையது, ஆகையால் குழுவும் அவருடையது. நான் கீபோர்டு வாசித்தேன். அதாவது, கீபோர்டு இருந்தவரைக்கும் வாசித்தேன்.

பாடியவர் மல்லிகா அக்கா. டிக்கோயாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைமடுவத்து ஆயா. தாய்மார் கொழுந்தெடுக்க மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப் போவார்களே, அந்த இடம். வாரநாளில் தாலாட்டு, சனி ஞாயிறில் சினிமாப் பாட்டு. "அங்க அழுவுறதுகள நிறுத்தணும், இங்க உக்காந்திருக்கிறதுகள ஆட வைக்கணும். ரெண்டுக்கும் ஒரே தொண்டதான் தம்பி" என்பார். அந்தத் தொண்டையைக் காப்பாற்ற எங்கே போனாலும் ஒரு ஃபிளாஸ்கில் கொத்தமல்லித் தண்ணீர் கொண்டுவருவார். மேல் ஸ்தாயியில் அக்கா ஒரு இடத்தைத் தொடும்போது, சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் கையை அப்படியே நிறுத்திவிட்டு மேடையைப் பார்ப்பார்கள். நான் அதைப் பார்ப்பதற்காகவே வாசித்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

ஒரு வருடம் எங்கள் கீபோர்டில் பாதிக் கட்டைகள் வேலைநிறுத்தம் செய்தன. கொழும்பில் விளம்பரப் பாட்டுகள் பதிவு செய்த ஒரு ஸ்டூடியோவை மூடுகிறார்கள், சாமான் விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, மணியம் அண்ணன் கையில் பணம் தந்து என்னை ரயிலில் அனுப்பிவைத்தார். நான் போய்ச் சேருவதற்குள் கீபோர்டு விற்றுப் போயிருந்தது. அங்கே இருந்த மனிதர் என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டாரோ என்னவோ, ஒரு மரப்பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே குமிழ்களும் துளைகளும். கட்டை ஒன்றுகூட இல்லை. மாடுலர் சிந்தசைசர் என்றார். ஒரு துளையிலிருந்து இன்னொரு துளைக்கு வயர் செருகினால்தான் சத்தம் பிறக்கும். எதை எதோடு செருகுகிறோமோ அதற்கேற்ற சத்தம்.

அவர் இரண்டு வயரைச் செருகினார். தணிவாக ஒரு ரீங்காரம் எழுந்தது. நான் பிறந்த லயம், அதாவது தோட்டத்து வரிசை வீடு, தேயிலைத் தொழிற்சாலைக்கு நேர் கீழே. கொழுந்து வாட்டுகிற பெரிய காற்றாடிகளின் சத்தத்தைக் கேட்டுத்தான் வளர்ந்தேன். அந்தச் சத்தமேதான். கொழும்பு வெயிலில், நாலு சுவருக்குள், எனக்கு எங்கள் மலை கேட்டது. புத்தியுள்ளவன் அதைக் கேட்டு ரசித்துவிட்டுத் திரும்பியிருப்பான். நான் பெட்டியோடு திரும்பினேன். ரயிலில் எதிரே இருந்த அம்மா, "தையல் மெசினா மகன்?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். விளக்கம் சொல்ல எனக்கே தெரியாது.

மணியம் அண்ணன் பெட்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"கட்ட எங்கடா?"

"கட்ட இல்லண்ணே. வயர் சொருகணும்."

"சொருகுனா கல்யாணப் பாட்டு வருமா?"

"வராதுண்ணே."

அவர் திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். கீழே போய்ச் சூடாக ஒரு றாத்தல் பாண் வாங்கி வந்து, பிய்த்து எல்லாருக்கும் கொடுத்தார். எனக்கும் கொடுத்தார். அடுத்த வாரம் நுவரெலியாவிலிருந்து, சொந்தக் கீபோர்டோடு ஒரு பையன் வந்து சேர்ந்தான். நான் மைக் வயர் சுற்றும் பதவிக்கு உயர்ந்தேன்.

ஆனால் அறையின் சாவி என்னிடம் இருந்தது. சனிக்கிழமை மத்தியானங்களில் தனியே போய்ப் பெட்டியோடு மல்லுக்கட்டினேன். அதற்குக் குளிரும் ஆகாது, சூடும் ஆகாது. வந்ததும் சேர்த்த சுருதி, கீழே போறணை சூடேறியதும் மெல்ல நழுவிவிடும். பேக்கரிக்காரர் நெருப்பு மூட்டும் நேரம் பார்த்து நான் சுருதி சேர்க்கப் பழகினேன். பெட்டியின் ஒரு பகுதியில் நாலு குமிழ் இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு சுரம். பெட்டி அந்த நாலையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லும், மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அவ்வளவுதான் அதற்குத் தெரியும். முதலில் அலுப்பாக இருந்தது. பிறகு ஒரு நாள் பசியில் அசையச் சோம்பல்பட்டு, ஓடவிட்டுக் கேட்டுக்கொண்டே கிடந்தேன். வெகுநேரம் கழித்து ஒரே ஒரு குமிழை மயிரிழை திருப்பினேன். அறையில் வெளிச்சம் மாறியது போல இருந்தது. இப்படிக் கொஞ்சத்தை வைத்துக்கொண்டு, திரும்பத் திரும்பச் சொல்லி, மெல்ல மெல்ல மாற்றுகிற இசைக்கு மினிமலிசம் என்று உலகத்தில் பெயர் இருக்கிறதாம். பின்னால்தான் தெரிந்தது. அப்போது எனக்கு வேறு எதுவும் வரவில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

அந்த வருடம்தான் மல்லிகா அக்காவின் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. கண்டியில் ஆபரேஷன். குரல் மாறிப்போகலாம் என்று டாக்டர்கள் முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். கட்டியை விட்டுவைக்கவும் முடியாது. உயிர் மிஞ்சியது. குரல் போய்விட்டது. பேசினால் கிசுகிசுப்பு போல வரும். நாங்கள் பார்க்கப் போனபோது அக்கா தேத்தண்ணி ஊற்றித் தந்தார், பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மணியம் அண்ணன் வேறு பாடகி தேட வேண்டி வந்தது. அதை அக்காவிடம் அவரே நேரில் போய்ச் சொன்னார்.

மாதங்கள் போயின. ஒரு சனிக்கிழமை நல்ல மழை. படியேறும் சத்தம் கேட்டுத் திரும்பினேன். மல்லிகா அக்கா, சேலைத் தலைப்பைப் பிழிந்தபடி வாசலில் நின்றார்.

"பஸ் வரல தம்பி. கீழ நின்னேன். மேல என்னமோ பெக்டரி ஓடுற மாதிரி கேட்டுச்சு."

ஒலிபெருக்கிப் பெட்டியின் மேல் உட்கார்ந்தார். நான் நிறுத்தப் போனேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார். நாலு சுரம் சுற்றிக்கொண்டே இருந்தது. வெளியே மழை. அவர் உதடு அசைந்ததைத்தான் முதலில் கண்டேன். பிறகு கேட்டது. காற்றுக் கலந்த, சொரசொரப்பான ஒரு குரல். ஆனால் சுருதியில் ஆணி அடித்தது போல நின்றது.

"மேல போனா ஒடையுது" என்றார். "கீழ போனா காத்துதான் வருது. நடுவுல ஒரு நாலு சுரந்தான் மிச்சம்." பெட்டியின் பக்கம் திரும்பினார். "இதுல எனக்கு எடமிருக்கும் போல."

அடுத்த சனிக்கிழமை மழை இல்லாமலே வந்தார். அதற்கடுத்த சனிக்கிழமையும்.

வார்த்தை கிடையாது. 'ஆ' என்று ஒரு சுரத்தைப் பிடித்து, மூச்சு முடியும் மட்டும் நிற்பார். அடியில் பெட்டி தன் பாட்டுக்குச் சுற்றும். பெட்டியின் சுற்று குட்டை, அக்காவின் மூச்சு நீளம். இரண்டும் ஒரே இடத்தில் முடிவது எப்போதாவதுதான். அந்த இடம் வருமா வருமா என்று காத்திருப்பதுதான் எங்கள் பாட்டு. வந்தால் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வோம்.

நான் சும்மா இருக்கவில்லை. மேலே பறக்கிற மாதிரி இன்னொரு சத்தத்தைச் சேர்த்துப் பார்த்தேன். அக்காவின் குரல் அதற்குள் மூழ்கியது. மறுவாரம் அந்த வயரை உருவிவிட்டேன். அவர் உடனே கண்டுபிடித்துவிட்டார்.

"நா பாட முடியாதுன்னுதானே கழட்டுன?"

"இல்லங்க்கா."

"பாவம் பாத்து எனக்காகக் கொறைக்காத. அதுக்கு நா வீட்டுலயே இருந்துருவேன்." ஃபிளாஸ்கை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

அக்காவின் கையைப் பிடித்துப் பெட்டியின் நாலு குமிழ் மேலும் வைத்தேன். "இதுலயும் நாலுதாங்க்கா இருக்கு. இதுக்கு மேல போக எனக்கே வழி தெரியல."

ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். ஐந்தாவது இல்லை. அப்போதுதான் ஆபரேஷனுக்குப் பிறகு முதல்தடவையாக அவர் சிரித்துக் கேட்டேன். சிரிப்பும் மாறிப்போயிருந்தது. அதைக் கேட்டு அவரே கொஞ்சம் திடுக்கிட்டார், பிறகு இன்னும் சிரித்தார்.

மணியம் அண்ணன் ஒரு கல்யாணத்தில் எங்களுக்கு இடம் தந்தார். பகல் பந்தி நடக்கிற நேரம். அக்கா தன் பழைய மேடைச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தார். நான் பெட்டியை ஓடவிட்டேன், அக்கா கண்ணை மூடிக்கொண்டார். மண்டபம் சாப்பிட்டது. யாருடைய கையும் நிற்கவில்லை. கொஞ்ச நேரத்தில் பெண்ணுக்கு மாமா முறைக்காரர் ஒருவர் மேடைக்கு அருகே வந்து, "மைக் டெஸ்டிங் இன்னும் முடியலையா?" என்று மணியம் அண்ணனிடம் கேட்டார். கிண்டல் இல்லை, மனிதர் உண்மையாகவே கேட்டார்.

"இது பாட்டுங்க" என்றார் மணியம் அண்ணன். "அவங்க முடிக்கட்டும்."

அக்காவுக்கும் அது கேட்டிருக்கும். அவர் நிறுத்தவில்லை. மூச்சும் சுற்றும் சேர்கிற இடம் வரும்வரை பாடி, வணக்கம் சொல்லி இறங்கினார். பாயசம் கொடுத்தார்கள். குடித்தார். டிக்கோயா பஸ்ஸில் ஏற்றிவிடும்போது நான் ஏதோ சமாதானம் சொல்லத் தொடங்கினேன்.

"நாளைக்கு மத்தியானம் பெட்டியத் தூக்கிக்கிட்டு மடுவத்துக்கு வா" என்றார்.

போனேன். பால், தேங்காயெண்ணெய், காயாத துணி, எல்லாம் கலந்த குழந்தை வாசம். வரிசையாகத் தொங்கிய சேலைத் தொட்டில்கள். வெந்நீர்க் கேத்தலுக்கு வைத்திருந்த பிளக்கில் பெட்டியைச் செருகினேன். சத்தத்தை அக்கா குறைக்கச் சொன்னார். இன்னும் குறைக்கச் சொன்னார். தொழிற்சாலைக் காற்றாடி தூரத்தில் ஓடிக்கொண்டிருந்தது, அதோடு சுருதி சேர்த்தேன். அக்கா ஒரு தொட்டிலை ஆட்டியபடி பாடத் தொடங்கினார். சிணுங்கல்கள் ஒவ்வொன்றாக அடங்கின.

கொழுந்தை எடைபோட்டுவிட்டுப் பால்கொடுக்கத் தாய்மார் வந்தார்கள். இடுப்பைச் சுற்றிக் கட்டிய, நனைந்த படங்குச் சாக்கு, விரலெல்லாம் கொழுந்துக் கறை. வழக்கமாக வந்த வேகத்தில் கொடுத்துவிட்டுச் சோற்றுக்கு லயத்துக்கு ஓடுகிறவர்கள். அன்று ஒருத்தி பிள்ளையை மடியில் போட்டுச் சுவரில் சாய்ந்தாள். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். நான் முடிக்கலாமா என்று அக்காவைப் பார்த்தேன். சுவரில் சாய்ந்திருந்தவள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்:

"இன்னுங் கொஞ்ச நேரம் ஓடட்டுமே."

ஓடவிட்டேன். அவளும் மடியிலிருந்த பிள்ளையும் ஒன்றாகத் தூங்கிப்போனார்கள். வேலைக்குக் கூப்பிடும் சங்கு ஊதும்வரை அக்கா பாடினார். கல்யாண வீடுகளில் கை நிறுத்திப் பார்த்தவர்கள் எத்தனையோ பேர். அக்காவின் முகத்தில் அன்று கண்ட நிறைவை நான் எந்த மேடையிலும் கண்டதில்லை.

அதன் பிறகு முடிந்தபோதெல்லாம் போனேன். ஒரு நல்ல காலம் அது. தொலைபேசியில் பதிவுசெய்து பார்த்தோம், தகரக் கூரை மழைதான் பதிவாகியிருந்தது. பெட்டி கடைசியில் ஈரம் ஏறி ஊமையானது. திருத்த ஆள் கிடைக்கவில்லை. மணியம் அண்ணன் வேனை விற்றார், குழு கலைந்தது. பேக்கரி மேல்மாடியில் இப்போது கம்ப்யூட்டர் வகுப்பு நடக்கிறது. மல்லிகா அக்கா வேலையை விட்டு, நீர்கொழும்பில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். பொங்கலுக்குப் பேசுவோம். "இங்க கடல் பக்கந்தான் தம்பி" என்றார் ஒருமுறை. "ஆனா அது ஒரு சுருதில நிக்க மாட்டேங்குது."

அக்காவின் தோட்டத்துக் கொழுந்து இப்போது லொறியில் வேறு தொழிற்சாலைக்குப் போகிறது. அங்கே காற்றாடிகள் ஓடுவதில்லை. இளம் தாய்மாரில் பாதிப்பேர் கொழும்பிலும் வெளிநாட்டிலும். பிள்ளைமடுவத்தை இடித்து மட்டமாக்கி, அந்த இடத்தில் அருவி பார்க்க வருகிறவர்களின் வேன்களை நிறுத்துகிறார்கள். போன மாதம் அந்த வழியாகப் போனேன். நல்ல மத்தியானம். அங்கே யாரும் தூங்கிக்கொண்டிருக்கவில்லை.