மண்ணெண்ணெய் ஊற்றிய ஞாயிறுகள்

என் கணவர் மஸ்கட்டுக்குப் போனபோது இரண்டு பொறுப்புகளை என்னிடம் விட்டுப் போனார்: அவருடைய அம்மா, அவருடைய கார். எதைப் பற்றி அதிகம் சொல்லிவிட்டுப் போனார் என்று கேட்காதீர்கள். இன்றும் எரிச்சல் வரும்.

அது இரண்டே பேர் உட்காரும் பழைய இங்கிலாந்து வண்டி, ஒரு மிராசுதார் வீட்டுக் கொட்டகையிலிருந்து வாங்கியது. எஞ்சினில் சூப்பர்சார்ஜர் உண்டு. காற்றை அழுத்தி உள்ளே திணிக்கும். அதனால் கண்ட பெட்ரோலும் ஆகாது. வெள்ளைத்தாளில் ஒரு சொட்டு விட்டு, காய்ந்தபின் கறை நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்; நின்றால் கலப்படம். பட்டுக்கோட்டையில் ஒரே ஒரு பங்க்கில்தான் போட வேண்டும். ஞாயிறு பூசை முடிந்ததும் வாய்க்கால் கரையில் ஓட்டிவர வேண்டும். ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான்.

பிறகு கடிதம் நின்றது. பூத்திலிருந்து அவருடைய கம்பெனிக்குப் போன் போட்டால் யாரோ புரியாத பாஷையில் பேசி வைத்துவிடுவார்கள். இப்படியே மூன்று மாதம்.

ஒரு ஞாயிறு டாங்கில் பெட்ரோல் அடிமட்டம். பட்டுக்கோட்டைக்குப் போக மனசில்லை. வயலில் பம்ப்செட்டைப் பெட்ரோலில் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். இதுவும் எஞ்சின்தானே என்று அந்த மண்ணெண்ணெய் கேனைக் காரில் கவிழ்த்தேன்.

கரைமேட்டில் ஏறும்போதே பானெட்டுக்குள் டக் டக்கென்று சத்தம், யாரோ உள்ளிருந்து கதவைத் தட்டுவதுபோல. வாசலில் வந்து சாவியை உருவினேன். எஞ்சின் நிற்கவில்லை. சாவி என் கையில் இருக்கிறது; வண்டி உதறிக்கொண்டு தானாக ஓடுகிறது. பட்டப்பகலில் எனக்கு முதுகு சில்லிட்டது.

அத்தை ஜெபமாலையோடு வந்து பானெட்டில் கை வைத்தார். "அவன் உசுரோட இருக்கான்மா. தட்டுறான் பாரு."

மறுவாரம் பட்டுக்கோட்டைப் பெட்ரோல் போட்டேன். தாளில் கறையே இல்லை. ஓட்டிவந்து சாவியை உருவியதும் எஞ்சின் சட்டென்று அடங்கியது. "நின்னுடுச்சே" என்று அத்தை தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நல்ல பெட்ரோல் ஊத்தினா நிக்கத்தான் அத்தை செய்யும்" என்று அதட்டினேன். ஆனால் அந்த அமைதி எனக்கும் பொறுக்கவில்லை.

அடுத்த ஞாயிறு கேனை நானே தேடி எடுத்தேன். எஞ்சின் கெடும் என்று தெரிந்தேதான் ஊற்றினேன். வாராவாரம் சாவியை உருவிவிட்டு, இருவரும் மூச்சு விடாமல் நின்று கேட்போம். ஒரு ஞாயிறு வண்டி புகை கக்கிப் படுத்துவிட்டது. அத்தை மகனுக்குத் துக்கப் பூசை சொல்லிவைக்கக் கிளம்பினார். வாசலை மறித்து நின்று அழுதேன்.

ஐப்பசி மழையில் அவர் வந்து இறங்கினார், பாதி உடம்பாக. கம்பெனியை மூடி, பாஸ்போர்ட்டைப் பிடித்துவைத்திருந்தார்களாம். மறுநாளே எஞ்சினைப் பிரித்தார். பிஸ்டனில் விரல் நுழையும் ஓட்டை.

"எந்த பங்க்ல போட்டே? தாள்ல பாத்தியா இல்லியா?"

"மண்ணெண்ணெய் ஊத்தினேன்."

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதாங்க. நீங்க உசுரோட இருக்கீங்கன்னு எங்களுக்கு வேற யாருங்க சொன்னா?"

அவர் பிஸ்டனைத் துணியில் சுற்றி ஓரமாக வைத்தார்.