பாதிப் படிகம்

இலையுதிர்காலம் வந்தால் அஷ்தராக் ஊர்ப் பெண்களின் விரல்கள் கறுத்துவிடும். அக்ரூட் கொட்டையின் பச்சைத் தோலை உரித்த கறை ஒரு மாதத்துக்குப் போகாது. அந்தக் கறுத்த விரல்களால்தான் வர்செனிக் பதினேழு வருடமாகப் படிக ஆலையில் வித்துக் கட்டிவந்தாள். வித்து என்கிற விரல் நீளப் படிகத் துண்டைத் தண்டின் நுனியில் கட்டி, பிளாட்டினக் கிண்ணத்தில் உருகிக் கிடக்கும் ஆக்சைடைத் தொடவைத்து, சுழற்றிக்கொண்டே மெல்ல மேலே இழுக்க வேண்டும். வித்து நிற்கும் திசையில் புதுப் படிகம் அதன் கீழே தொங்கி வளரும்.

கோணலாக வளர்ந்தால் குற்றம் வித்துக் கட்டியவருடையது. பதிவேட்டில் கையெழுத்துப் போடுவது அவர் மட்டுமே.

புதிதாக வந்த பிரிவுத் தலைவர் கெகாம், இழுக்கும் வேகத்தை மணிக்கு மூன்று மில்லிமீட்டரிலிருந்து ஆறாக்கினார். அதன்பின் ஐந்து படிகங்களில் நான்கு கோணின. அவசரப்படுத்தினால் சூடு வெளியேற நேரமிருக்காது, எந்தப் பக்கம் குளிர்ச்சியோ அந்தப் பக்கம் படிகம் ஓடும் என்று வர்செனிக் சொல்லிப் பார்த்தாள். அவர் எல்லோர் முன்னாலும் அவள் விரல்களைக் காட்டினார்.

"அக்ரூட் உரிச்ச கை. இதுல வித்து எப்படிங்க நேரா நிக்கும்?"

இன்னொன்று கோணினால் அவளை மெருகேற்றும் அறைக்கு மாற்றிவிடுவதாகவும் சொன்னார்.

பக்கத்து உலைக்காரி ஷோகெர் செல்லமாகக் கூப்பிட்டுச் சமாதானம் பேசினாள். "ஒரு மன்னிப்பு கேட்டுடு, வர்சிக் ஜான். வாய் தேஞ்சா போயிடும்?"

"வாய் தேயாது. நான் கட்டினது கோணல்னு ஆயிடும்."

அடுத்த வித்தை அவளே கட்டினாள். மூன்றில் இழுத்தாள். நாலு சென்டிமீட்டர் வளர்ந்ததும் வேகத்தை ஆறாக்கினாள். இரண்டையும் நேரம் குறித்துப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட்டாள். உலை ஆற ஒரு நாள் ஆனது.

படிகத்தைக் கொண்டுபோய்க் கெகாமின் மேசையில் வைத்தாள். மேல்பாதி நூல் பிடித்தாற்போல் நேர். நாலு சென்டிமீட்டருக்குக் கீழே ஒரு பக்கமாக ஒதுங்கி, கால் பிசகியது போல முடிந்திருந்தது. வித்து கோணலென்றால் கோணல் வித்தின் அடியிலேயே தொடங்கியிருக்க வேண்டும்.

கெகாம் பதிவேட்டைப் புரட்டினார். "தெரிஞ்சே கெடுத்திருக்கீங்க."

"பாதிதான் நான் வளர்த்தது, தோழர். மீதி உங்களோடது."

அவர் படிகத்தை உருட்டிப் பார்த்தார். அது அரைச் சுற்று போய் நின்றது. கடைசியில், சரி, மூன்றிலேயே இழுங்கள் என்றார்.

வர்செனிக் பதிவேட்டை அவர் பக்கம் திருப்பினாள்.

"அதை நீங்க எழுதுங்க. கீழ உங்க கையெழுத்து."

"அப்படி வழக்கமில்லையே."

"இல்ல. பதினேழு வருஷமா இல்ல."

பதிவேட்டை அங்கேயே விட்டுவிட்டுத் தன் உலைக்குத் திரும்பினாள். மறுபடி சூடேற்றிய கிண்ணத்தில் ஆக்சைடு உருகிக் கிடந்தது. தண்டு வெறுமையாகத் தொங்கியது. அவர் கையெழுத்து வராமல் அவள் வித்துப் பெட்டியைத் திறப்பதாக இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, லவாஷ் ரொட்டியில் பாலாடைக்கட்டியைச் சுருட்டித் தின்னத் தொடங்கினாள்.