பேச்சியம்மாளுக்கு வயதாகவில்லை

பேச்சியம்மாள் போய்விட்ட செய்தியை எங்கள் எஸ்டேட் பள்ளிக்கூட வாசலில் வந்து சொன்னவர் கங்காணி. "வயசாயிட்டுல்லா டீச்சர், என்ன செய்ய" என்றார். துக்கத்துக்கு வந்த எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். பேச்சியம்மாளோடு தேயிலைக் கொழுந்து கிள்ளிய நீங்களும் சொன்னீர்கள். கேட்கக் கேட்க எனக்கு வயிறு எரிகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பேச்சியம்மாள் கூடை எடுத்தபோது சின்னப் பெண். சிறுபிள்ளைக்கு அரைக்கூலிதான். முழுக்கூலி கிடைக்கட்டும் என்று அவர் அப்பா வயதைக் கூட்டிச் சொன்னார். ஆபீசில் அப்படியே எழுதிக்கொண்டார்கள். நம் லயத்து வரிசை வீடுகளில் பலருக்கு இப்படி வந்த வயதுதான். "எங்கய்யா ஒரே நாள்ல என்னைய குமரி ஆக்கிட்டாரு டீச்சர்" என்று சொல்லிச் சிரிப்பார்.

பல வருஷம் கழித்து ஒரு மழைக்காலத்தில் இருமலோடு ரத்தம் வந்தது. டி.பி. என்றார் மலையாளியான எஸ்டேட் டாக்டர். ஒன்றரை வருஷம் மருந்து, நடுவில் விட்டால் நோய் திரும்பும், அப்புறம் மருந்துக்கு அடங்காது என்றார். அதே வாரம் மருந்து தொடங்கிய இன்னொருவன் ஃபாக்டரியில் வேலை பார்க்கும் முருகேசன், இளவட்டம். இருமல் நின்றதும் மாத்திரையை விட்டுவிட்டான். அவனைத் தேடி ஆஸ்பத்திரி ஜீப் லயத்துக்கே வந்தது. பேச்சியம்மாளும் அவன் வீட்டு வாசலில் நின்று, "ஏலே, நின்னது இருமல்தாம்லே. சீக்கு உள்ளதான் கெடக்கு" என்று ஏசினார். அவரோ ஒரு வேளைகூட விட்டதில்லை. காலையில் ஃபாக்டரி சங்கு ஊதினால் மாத்திரை வாயில் இருக்கும். வயிற்றைப் புரட்டினாலும் கஞ்சியோடு விழுங்கிவிட்டுத்தான் மலையேறுவார்.

மருந்து பாதியில் இருக்கும்போது, ஆபீஸ் கணக்கில் அவருக்கு ஓய்வு பெறும் வயது வந்துவிட்டது. மாலை போட்டு, ஒரு கம்பளியும் கொடுத்து அனுப்பினார்கள். அடுத்த வாரம் எஸ்டேட் ஆஸ்பத்திரிக்குப் போனால் மருந்து இல்லை. வேலையில் இருப்பவருக்கும் அவர் பெண்டாட்டி பிள்ளைகளுக்கும்தான் மருந்தாம். அவர் மகன் எஸ்டேட்டில் வேலையில் இருந்தாலும் தாய் அதில் சேரமாட்டாளாம். நானும் கூடப் போயிருந்தேன். "டாக்டரய்யா, நெசமா எனக்கு அந்த வயசு ஆகலை. எங்கய்யா கூட்டிச் சொன்னது" என்றார். டாக்டர் தலையைத் தூக்காமலே, "கவர்மென்ட் ஆசுபத்திரிக்குப் போய்க்கோ அம்மச்சி" என்றார். வெளியே வந்ததும் பேச்சியம்மாள், "யாரு டீச்சர் அம்மச்சி? நானா கெழவி?" என்று கேட்டார்.

யூனியனுக்கும் போனோம். எமர்ஜென்சி நேரம், இப்போது எதையும் கிளப்ப வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள்.

கவர்மென்ட் ஆஸ்பத்திரி மலைக்குக் கீழே இருக்கிறது. போய்வர ஒரு நாள் ஆகும். போனாலும் சில வாரம் மருந்து வந்திருக்காது. மண் சரிந்து பஸ் நின்றபோது போகவே முடியவில்லை. "இந்த வயசுல எதுக்கும்மா அலையுத?" என்றான் மகன். பாசத்தில்தான் சொன்னான். அதை நினைத்தால் எனக்கு ஆத்திரம் இன்னும் கூடுகிறது. இருமல் திரும்பியது, ரத்தமும் திரும்பியது. அவரைத் தேடி எந்த ஜீப்பும் வரவில்லை. எஸ்டேட் டாக்டரிடம் சண்டைக்குப் போனேன். "பிராயமானவங்க மருந்தை மறந்து போகும் டீச்சரே" என்றார். மறந்தாராம்! மறக்காத ஒரே ஆளைப் பார்த்து இதைச் சொல்ல ஒரு படிப்பு வேண்டியிருக்கிறது.

முருகேசன் மருந்தை முடித்துவிட்டு இன்று தேயிலை மூட்டை தூக்குகிறான். நன்றாக இருக்கட்டும். பாடைக்கு அவனும் தோள் கொடுத்தான்.

அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது அவருடைய கோபம்தான். அதை அவர் யாரிடமும் முழுதாகக் காட்டவில்லை, நான் காட்டுவேன். அவரைக் குளிப்பாட்டிய பெண்களில் நானும் ஒருத்தி. கொண்டையை அவிழ்த்துத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினோம். காதோரம் நாலு நரை. மற்றதெல்லாம் கருகருவென்ற முடி.