குவாரன்டைனில் இருந்த குரல்

2008-ஆம் வருஷம், ஐப்பசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், என் வீட்டுக்காரருடைய குரலை என் கையாலேயே அழித்துவிட்டேன் என்று நினைத்து அழுதேன். அந்த அழுகைக்கு ஆண்டவர் எப்படிப் பதில் கொடுத்தார் என்பதை மறைத்து வைக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் எஸ்தர். கம்பத்தில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் லோயர் கேம்ப் பக்கம் கால்நடைச் சோதனைச் சாவடியில் வேலை பார்த்தவர். கேரளாவுக்குப் போகும் மாடுகளை நிறுத்தி, நோய் இருக்கிறதா என்று பார்த்து அனுப்புகிற வேலை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் சத்தம் என்றால் அது அவர் சத்தம்தான். குளித்தால் பாட்டு, சட்டையைக் காணோம் என்று தேடினால் பாட்டு, நான் சண்டைக்குப் போனால் அதற்கும் ஒரு பாட்டு. எனக்கு முணுக்கென்று கோபம் வரும். அவர் பாடிக்கொண்டே நழுவிவிடுவார்.

அதற்கு முந்தின வருஷம் அவருக்குத் தொண்டையில் புற்றுநோய் என்று மதுரையில் சொன்னார்கள். உயிர் வேண்டுமென்றால் குரல்வளையை எடுத்தாக வேண்டும் என்றார்கள். 

ஆபரேஷனுக்கு முந்தின வாரம், கம்பத்தில் ஸ்டுடியோ வைத்திருந்த ஒருவர் வீட்டுக்கே வந்தார். என் வீட்டுக்காரர் பாடிய ஒன்பது பாட்டைப் பதிவு செய்து, எங்கள் கல்யாண போட்டோக்களையும் சேர்த்து, மவுசால் தட்டினால் தானே ஓடும்படி ஒரே பைலாகக் கடைக் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்தார். கல்யாண ஆல்பத்தையும் அப்போது அவர் அப்படித்தான் செய்து கொடுப்பார். பைலுக்கு என் பெயரை வைக்கச் சொன்னது வீட்டுக்காரர்தான். கூடவே தந்த சி.டி. ஓடி ஓடிக் கீறல் விழுந்து நின்றுபோனது. ஸ்டுடியோக்காரர் கடையைக் காலி செய்துகொண்டு திருப்பூர் போய்விட்டார். அவரிடமும் நகல் இல்லை.

ஆண்டவர் கிருபையால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆள் பிழைத்தார். பேச்சுதான் போயிற்று. சொல்ல வேண்டியதைச் சிலேட்டில் எழுதிக் காட்டுவார். சாயங்காலம் அவர் பால் வாங்கப் போகும் நேரம் பார்த்து, நான் கடையில் அந்தப் பாட்டைப் போட்டுக் கேட்பேன். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் முன்னால், “ஏ எஸ்தரு, காபி ஆறுது பாரு” என்று ஒரு சத்தம் வரும். அந்த இடத்துக்காகவே கேட்பேன். அவருக்குத் தெரிந்தால் மனசு வாடிவிடும் என்று சொல்லவே இல்லை.

அப்போதுதான் யாரோ கொண்டுவந்த பென் டிரைவிலிருந்து கம்ப்யூட்டருக்குள் வைரஸ் புகுந்தது. உத்தமபாளையத்திலிருந்து மெக்கானிக் மாரிமுத்து வந்து புதிதாக ஆன்டிவைரஸ் போட்டுவிட்டுப் போனார். மறுநாள் கடையில் விண்ணப்பம் அடிக்க வந்தவர்கள் கூட்டம். திரையில் சிவப்புச் சிவப்பாகப் பெட்டி வருகிறது. படிக்க யாருக்கு நேரம்? வந்ததற்கெல்லாம் ஓகே, ஓகே என்று தட்டித் தள்ளினேன். சாயங்காலம் அவர் பால் வாங்கப் போனதும் பார்க்கிறேன், என் பெயர் இருந்த இடம் காலியாக இருந்தது.

மாரிமுத்துவுக்குப் போன் போட்டேன். “அக்கா, வைரஸ் அதுக்குள்ளதான் இருந்திருக்கும், ஆன்டிவைரஸ் அதை அழிச்சிருக்கும். காலைல வந்து பார்மட் அடிச்சு, எல்லாத்தையும் வழிச்சுட்டுப் புதுசா போட்டுத் தாரேன்” என்றார். எங்கள் ஊரில் கம்ப்யூட்டர் தும்மினாலும் பார்மட்தான் வைத்தியம். எனக்கும் வேறு தெரியாது. சரி என்றேன்.

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு முழங்காலில் நின்றேன். ஜெபமா அது? சண்டை. “ஆண்டவரே, குரலை எடுத்தீர், ஆளைத் தந்தீர், நானும் ஸ்தோத்திரம் சொன்னேன். மிச்சமிருந்த இதையும் எடுத்தால் நான் எங்கே போவேன்? திருப்பித் தாரும். தராவிட்டால் இனி உம்மோடு பேச மாட்டேன்” என்று சொல்லிவிட்டேன். பாலோடு திரும்பி வந்தவர் என் முகத்தைப் பார்த்தார். தலைவலி என்றேன்.

காலையில் மாரிமுத்து வந்தார். வீட்டுக்காரரும் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். “அண்ணன் பாட்டு போச்சேன்னு அக்கா நேத்து போன்ல அழுதாக” என்று மாரிமுத்து உடைத்துவிட்டார். எனக்கு வெட்கமும் கோபமும் ஒன்றாக வந்தன. வீட்டுக்காரர் அதைக் கேட்டுக்கொண்டே குனிந்து, மாரிமுத்து திரையில் திறந்து வைத்திருந்த ஆன்டிவைரஸ் பட்டியலை உற்றுப் பார்த்தார். மாரிமுத்து அதைப் படிக்காமலே மூடிவிட்டு பார்மட் சி.டி.யை உள்ளே தள்ளினார். அந்த நொடியில் கரண்ட் போனது.

அந்த வருஷம் கரண்ட் கட்டுக்கு நேரம் காலமே கிடையாது. என் யு.பி.எஸ். பேட்டரி செத்துப் பல நாள் ஆகியிருந்தது. மின்சாரத்தை வாய் ஓயாமல் திட்டினேன். பக்கத்தில் வீட்டுக்காரர் சிலேட்டைத் தட்டித் தட்டிக் காட்டுகிறார். “ஏங்க, நானே வெந்துகிட்டு இருக்கேன். அங்கன போய் உக்காருங்க” என்று எரிந்து விழுந்தேன். அவர் போகவில்லை. இன்னும் பலமாகத் தட்டினார்.

“அக்கா, அண்ணன் என்னமோ எழுதியிருக்காக. என்னன்னு பாருங்க” என்றார் மாரிமுத்து.

வாங்கிப் பார்த்தேன். ‘குவாரன்டைன்னா கொல்றதில்ல. தனியா கட்டிப் போடுறது. சந்தேகம் தீர்ந்தா விட்ருவோம்’ என்று எழுதியிருந்தார்.

திரையில் இருந்த அந்த ஒரு ஆங்கில வார்த்தை எனக்கும் மாரிமுத்துவுக்கும் வெறும் எழுத்து. அவருக்கு அது இருபது வருஷம் பார்த்த வேலை. கோமாரி இருக்குமோ என்று சந்தேகப்பட்ட மாட்டைத் தனிக் கொட்டகையில் கட்டி, கவனித்து, நோய் இல்லையென்றால் அவிழ்த்து விட்டவர் அவர்.

“அட, ஆமாக்கா!” என்று மாரிமுத்து தலையில் அடித்துக்கொண்டார். கரண்ட் வந்ததும் முதல் வேலையாக பார்மட் சி.டி.யை வெளியே எடுத்தார். ஆன்டிவைரஸைத் திறந்தால், குவாரன்டைன் பட்டியலில் என் பெயர் நிற்கிறது! பென் டிரைவில் கொண்டுவந்திருந்த புது அப்டேட்டைப் போட்டு, அந்த பைலை மட்டும் மறுபடி சோதித்தார். வைரஸ் இல்லை. தானே ஓடுகிற பைல் என்பதால் வந்த வெறும் சந்தேகம்தான். ‘ரெஸ்டோர்’ என்பதைத் தட்டினார். என் பெயர் பழைய இடத்துக்கு வந்து உட்கார்ந்தது.

பாட்டைப் போட்டோம். முதல் தடவையாக வீட்டுக்காரரும் பக்கத்தில் இருந்து கேட்டார். காபி ஆறுகிற இடம் வந்ததும் நான் தேம்பிவிட்டேன். அவர் சிலேட்டைத் துடைத்து எழுதினார்: ‘நல்லாத்தான் பாடுறாக. யாரு இவுக?’

அழுதுகொண்டே சிரித்தேன். மறுபடி எழுதினார்: ‘தெனமும் கேளு. என்னைய விட்டுட்டுக் கேக்காத.’

பிரியமானவர்களே, நான் சண்டை போட்டுக் கேட்டதற்கு ஆண்டவர் உடனே பதில் அனுப்பினார். அந்தப் பதில் என் முழங்கைப் பக்கத்திலேயே நின்று சிலேட்டைத் தட்டிக்கொண்டிருந்தது. நான்தான் திரும்பிப் பார்க்கவில்லை. யோசித்தால், ஒரு வருஷமாகவே அவர் எழுதுவதில் பாதியைப் படிக்காமல் தலையாட்டியிருக்கிறேன். போன குரலுக்கு அழுதேன், இருக்கிற மனுஷன் சொல்வதைக் கேட்கவில்லை. ஆண்டவரே, என்னை மன்னியும். உங்களுக்கும் ஜெபித்த காரியம் தள்ளிப்போகிறதா? நம்பிக்கையோடு இருங்கள். உங்கள் வீட்டில் யார் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்றும் கொஞ்சம் பாருங்கள்.

இப்போது சனிக்கிழமை ஜெபக் கூட்டத்தில் அவர் ஜெபத்தை எழுதித் தருகிறார், நான் சத்தமாக வாசிக்கிறேன். முதல் தடவை முன்கூட்டிப் பார்க்காமலே வாசித்தேன். மழைக்காக, நோயாளிகளுக்காக என்று நன்றாகத்தான் போனது. கடைசி வரியில், “ஆண்டவரே, எஸ்தருக்கு நீண்ட ஆயுசைத் தாரும், அவள் கோபத்தை மட்டும் கொஞ்சம் குறைத்துத் தாரும்” என்று என் வாயாலேயே வாசித்துவிட்டேன். சபை முழுக்க எழுந்து ‘ஆமென்’ என்றது. அந்த ஒரு ஜெபத்துக்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை. நீங்களும் சேர்ந்து வேண்டிக்கொள்ளுங்கள்.